எழுபத்தொன்றாம் அட்டை

தன் தம்பி சுவாமிநாதன் எட்டு வருஷமாகக் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறான் என்றுதான் கந்தம்மாள் ராசிபுரத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னதில் பாதி கேலி, பாதி கவலை. நாமக்கல்லில் கல்லூரி வாத்தியார் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், திரும்பின பக்கமெல்லாம் கோழிப்பண்ணை. அத்தனை முட்டைக்கு நடுவில் இருந்துகொண்டு அதைத் தின்னாமல் ஆராய்ச்சி பண்ணுகிறவனை என்னவென்று சொல்வது?

ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. வெள்ளைக்கருவில் லைசோசைம் என்று ஒரு புரதம் இருக்கிறது. நூற்றிருபத்தொன்பது அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சரம் அது. சரம் நீட்டிப் படுத்திருப்பதில்லை. சுருண்டு மடங்கி ஒரு பொட்டலமாகக் கிடக்கும். எந்த மணி எங்கே நிற்கிறது என்று வெளிநாட்டில் எக்ஸ்ரே வைத்து அளந்து எண்களாகப் போட்டுவிட்டார்கள். அந்த எண்களை எடுத்துக்கொண்டு, எந்த மணி எந்த மணியைத் தொடும் தூரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் சுவாமிநாதனின் வேலை. சரத்தில் அடுத்தடுத்து இருக்கும் மணிகள் ஒன்றையொன்று தொடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆறாவது மணியும் நூற்றிருபத்தேழாவது மணியும், அதாவது தலையும் வாலும், போய் ஒட்டிக்கொள்கின்றனவே, அதுதான் விஷயம்.

அது ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்த விஷயம். சுவாமிநாதனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. பதினெட்டாவது மணியும் எழுபத்தொன்றாவது மணியும் தொட்டுக்கொண்டிருந்தன. இதை இதுவரை யாரும் சொன்னதில்லை. அவனுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இந்த ஒரு தொடுகையைப் பற்றித்தான். மற்றதெல்லாம் தெரிந்த கதை, மூன்றாம் அத்தியாயம்தான் உங்களுக்குப் பட்டம் வாங்கித் தரும் என்று மெட்ராஸிலிருந்து வழிகாட்டிப் பேராசிரியரே எழுதியிருந்தார். பல்கலைக்கழகம் இரண்டு தடவை தவணை நீட்டிக் கொடுத்துவிட்டது. 1981 மார்ச் முப்பத்தொன்றுதான் கடைசி. அன்றைக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

எல்லாம் தயார். ஒரு படம்தான் பாக்கி. கிராப் பேப்பரில் குறுக்கே நூற்றிருபத்தொன்பது கட்டம், நெடுக்கே நூற்றிருபத்தொன்பது கட்டம். எந்த இரண்டு மணிகள் தொடுகின்றனவோ அவை சந்திக்கும் கட்டத்தில் ஒரு புள்ளி. அடுத்தடுத்த மணிகளின் புள்ளிகள் சேர்ந்து ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குத் தடித்த பட்டையாக ஓடும். தூரத்து மணிகள் தொடும் இடமெல்லாம் பட்டையை விட்டு விலகி அங்கங்கே விழும். பென்சிலில் அவனே போட்டுவிட்டான். மையில் அழகாகப் போட்டுத் தர ஆள் வேண்டும்.

ஆளுக்கா பஞ்சம்? அக்கா வீட்டுக்காரர் கந்தவேல் ராசிபுரத்தில் பட்டுச்சேலை பார்டருக்கு டிசைன் போடுகிறவர். முப்பது வருஷமாகக் கிராப் பேப்பரில் அன்னமும் மாங்காயும் கட்டம் கட்டமாக நிரப்பிய கை. அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துவார்கள். வியாழக்கிழமை பென்சில் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். "இத மையில போட்டுக் குடுங்க மச்சான்" என்றதோடு சரி. படம் என்ன, ஏது என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது படம் தயாராக இருந்தது.

"பாருங்க மாப்ள" என்று கந்தவேல் பலகையில் விரித்து வைத்தார். ஒரு புள்ளி கட்டத்தை விட்டு மயிரிழை பிசகவில்லை. அச்சில் அடித்தால்கூட இவ்வளவு சுத்தம் வராது. சுவாமிநாதனின் கண் தானாகப் பதினெட்டாம் வரிசைக்குப் போய், எழுபத்தொன்றாம் கட்டத்தைத் தேடியது. வெள்ளையாக இருந்தது. மூலையைப் பார்த்தான். ஆறும் நூற்றிருபத்தேழும் சேரும் இடமும் வெள்ளை.

"மச்சான், தனியா நின்ன புள்ளியெல்லாம் எங்கீங்க?"

"அதுங்களா? ஒட்டும் இல்லாம ஒறவும் இல்லாம நட்டுக்கிட்டு நின்னுச்சுங்க. ஆறு எடத்துல. எடுத்துப் போட்டனுங்க" என்றார் கந்தவேல். கூலி கேட்காமல் கூடுதல் வேலை செய்தவரின் திருப்தி முகத்தில் இருந்தது. "அப்பறம் நடுவுல ஓடற பட்டை ஒரு எடத்துல அறுந்து கெடந்துச்சு. அதையும் ரொப்பியுட்டுட்டேன்."

டிசைன் போடுகிறவர்கள் பழக்கம் அப்படி. கடைக்காரர் கொடுக்கும் மாதிரிப் படத்தில் உருவத்தோடு சேராத ஒற்றைப் புள்ளி இருந்தால், அது கை தவறி விழுந்தது என்று அவர்களே நீக்கிவிடுவார்கள். அப்படியே நெய்தால் ஜரிகை அந்த இடத்தில் பொட்டாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால்தான் தொழில் தெரியாதவன் என்பார்கள்.

சுவாமிநாதனுக்கு இதெல்லாம் தெரியாததல்ல, தறிச்சத்தத்தில் பிறந்தவன்தான். ஆனாலும் கோபம் தலைக்கு ஏறியது.

"உங்கள யாருங்க எடுக்கச் சொன்னா? அந்தப் புள்ளிங்கதான் எட்டு வருச வேலையே!"

அக்கா புருஷனிடம் அவன் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. சமையற்கட்டிலிருந்து கந்தம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள். கந்தவேலின் முகம் கறுத்துவிட்டது.

"டிசைன்னு நெனச்சுப்போட்டேன். இன்னதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க?"

சொல்லியிருக்கலாம்தான். சுவாமிநாதன் மூச்சை இழுத்துவிட்டு உட்கார்ந்து சொன்னான். சரம், மணி, சுருட்டல், எல்லாம். "நூலக் கண்டாச் சுத்துனா மொத மொழமும் கடைசி மொழமும் பக்கத்துல வந்து ஒட்டறதில்லீங்களா? அந்த மாதிரிதானுங்க." கந்தவேல் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அட சாமி! அப்ப ஒத்தப் புள்ளிதான் விசேசம். எந்தப்பு மாப்ள, எந்தப்பு. நம்பரச் சொல்லுங்க, இப்பவே வெச்சுப்புடறேன்."

தூரங்களைக் கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டர் அச்சடித்த தாளை விரித்து வைத்துக்கொண்டு சுவாமிநாதன் எண்களைச் சொன்னான். ஆறும் நூற்றிருபத்தேழும். முப்பதும் நூற்றுப்பதினைந்தும். பேனா நுனி ஒவ்வொரு கட்டமாக நிரப்பியது. ஐந்து ஆயிற்று. ஆறாவதைச் சொல்ல வாயைத் திறந்தபோது கந்தவேல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"அப்ப இந்த நடுப்பட்டை? கூடக் கோத்த மணி ஒண்ணயொண்ணு தொடாம இருக்குமுங்களா?"

"இருக்காதுங்க. எப்பவும் ஒரே தூரந்தான். மூணு புள்ளி எட்டு ஆங்ஸ்ட்ராம்."

"பின்ன இந்த எடத்துல மட்டும் ஏன் அறுந்து கெடந்துது?"

சுவாமிநாதன் பென்சில் படத்தை இழுத்துப் பார்த்தான். உண்மைதான். பட்டையில் ஒரு கட்டத்துக்கு இருபுறமும் காலியாக இருந்தது. அவன் கையாலேயே காலியாக விட்டிருக்கிறான். பக்கத்து மணிகள் தெரிந்த கதைதானே என்று அந்தப் பட்டையை அவன் ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் தூரத்துப் புள்ளிகளிலேயே இருந்தது. பேராசிரியருக்கு அனுப்பியதும் அவற்றின் பட்டியலை மட்டும்தான். ஓரத்திலிருந்து விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தான். எழுபத்தொன்று.

பதினெட்டோடு தொட்டுக்கொண்டிருந்த அதே மணி.

பையிலிருந்து நோட்டை எடுத்தான். வெளிநாட்டு எண்களை அவன் கையால் எழுதி வைத்த நோட்டு. எழுபத்தொன்றாவது மணிக்கு மூன்று எண்கள். முதல் எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி. கம்ப்யூட்டர் தாளில் அதே எண் இருந்தது, மைனஸ் இல்லை. இரண்டு கோடைக்கு முன்னால் மெட்ராஸில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் படிப்பதற்காக ஒவ்வொரு மணிக்கும் ஒரு அட்டையாக நூற்றிருபத்தொன்பது அட்டைகளை அவனேதான் குத்தினான். அதில் ஒன்று தவறியிருக்கிறது.

அங்கேயே ஒரு தாளில் கழித்து, பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்துப் பார்த்தான். மைனஸ் போட்டால் எழுபதுக்கும் எழுபத்தொன்றுக்கும் மூன்று புள்ளி எட்டு. எழுபத்திரண்டுக்கும் அதே. பதினெட்டுக்குப் போட்டுப் பார்த்தான். இருபத்துநாலு. தொடுவதாவது, எட்டிப் பார்க்கக்கூட முடியாத தூரம். நம்ப மனசில்லாமல் இன்னொரு தடவை போட்டான். மறுபடியும் இருபத்துநாலு.

"என்னுங்க மாப்ள?"

"அட்டையில ஒரு ஓட்டை குத்தாம உட்டுட்டேன் மச்சான்."

கந்தவேலுக்கு இது தினப்படி சமாச்சாரம். "அட, அவ்வளவுதானுங்களா? அந்த ஒரு அட்டைய மாத்திக் குத்திப்போட்டாத் தீந்துது."

"தீந்துதுங்க. என்ற மூணாவது அத்தியாயமும் தீந்துது."

அவர் எடுத்துப்போட்ட ஆறில் ஐந்து தப்பு, ஒன்று சரி. அந்த ஒன்றைத்தான் சுவாமிநாதன் இத்தனை நாள் தன் பெயர் சொல்லப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தான். இதை அவன் சொல்லி முடித்ததும் கந்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கந்தவேல் பேனாவை மையில் தோய்த்தார்.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்லுட்டுங்களா? அந்தப் புள்ளியையும் வெச்சுப்புடறேன். பட்டையத்தான் ரொப்பியாச்சே. அறுந்துதுன்னு எவனுக்குத் தெரியப் போவுது? மெட்ராஸ்ல எவன் உக்காந்து கட்டம் எண்ணப் போறான்?"

சுவாமிநாதனுக்கு ஆசையாக இருந்தது. மறைப்பானேன், ரொம்பவே ஆசையாக இருந்தது. இன்னும் ஒன்பது நாள். ஒரு புள்ளி. பேராசிரியருக்கே தெரியாதது. தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும்.

"உங்க சேலையில இப்படி ஒண்ண வெப்பீங்களா மச்சான்?"

"மாட்டனுங்க" என்றார் கந்தவேல். "சேல போனா பத்து நாள்ல இன்னொண்ணு போட்டுக்குவேன். இது எட்டு வருசமாச்சுங்களே."

பேனா நுனியில் மை திரண்டு நின்றது. ஒரு புள்ளி பிசகினால் சோறு இறங்காத மனுஷர், தனக்காகப் பிசகு வைக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்ததும் முப்பத்தாறு வயது வாத்தியார் சுவாமிநாதன் அக்கா முன்னால் குலுங்கி அழுதான். வேண்டாம் என்று கையால்தான் காட்ட முடிந்தது.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, இன்லண்டு லெட்டர் ஒன்று கேட்டு வாங்கினான். எழுபத்தொன்றாம் அட்டையைத் தவறாகக் குத்தியது நான்தான், மூன்றாம் அத்தியாயம் நிற்காது, இந்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்கப் போவதில்லை என்று பேராசிரியருக்கு நாலு வரி எழுதினான். நாளைக்கு என்றால் மனசு மாறிவிடும் என்று பயந்து அப்போதே புறப்பட்டான். கந்தம்மாள் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவன் கேட்கவில்லை.

கந்தவேலும் கூடவே வந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தபால் பெட்டியில் லெட்டரைப் போட்டார்கள். நாமக்கல் பஸ்ஸில் அவன் ஏறி உட்கார்ந்ததும் கந்தவேல் ஜன்னலோரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருசம் சரி பண்ணிக் கொண்டுபோனா வாங்கிக்குவாங்கல்லங்க?"

"வாங்க மாட்டாங்க மச்சான்" என்றான் சுவாமிநாதன்.

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது.