அர்ச்சுனன் கையும் ஏழாவது மீனும்

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியது அல்ல. எதிர்வீட்டு அம்சவல்லி கேட்டு வாங்கியது. போன வியாழக்கிழமை ரேஷன் கடை வரிசையில் வைத்துக் கேட்டார்.

"அண்ணே, மீன் தொட்டியில கைய வுடக் கூடாதுன்னு ஒரு கத எழுதுங்க. எங்க வூட்டுக்காரரு நான் சொன்னா கேக்க மாட்டாரு. அச்சுல வந்தா கேப்பாரு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏழு தங்க மீன்களில் ஆறு செத்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை அவர் கணவர் அர்ச்சுனன் மறுபடி தொட்டி கழுவும் நாள்.

2

முதல் தொடக்கம்: "2006ஆம் ஆண்டு, விருத்தாசலத்தின் மேல் கலங்கிய வானம்..." (பொய். வெயில் மண்டையைப் பிளந்தது.)

இரண்டாவது: "மனிதன் என்பவன் தன் தொட்டியைத் தானே..."

இது எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மீன் தொட்டி வைத்தால் பதவி உயர்வு வரும், தண்ணீர் கலங்கினால் தள்ளிப்போகும் என்று ஒரு ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தார்கள். அர்ச்சுனன் தொட்டி வாங்கினார். மூன்றாம் நாள் தண்ணீர் பாலாக வெளுத்தது. எல்லாவற்றையும் கொட்டி, கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டார். மறுபடி கலங்கியது. மறுபடி கொட்டினார். பிறகு ஊசிமுனை அளவில் வெள்ளைப் பூச்சிகள் துள்ளின. பிளீச்சிங் பவுடர் போட்டார். பூச்சிகள் போயின, கூடவே ஆறு மீன்களும். ஏழாவதை அம்சவல்லி இட்லிக் குண்டானில் போட்டுக் காப்பாற்றினார். தொட்டி தெளியும்வரை அது அங்கேதான்.

(குறிப்பு: புதுத் தொட்டி கலங்கத்தான் செய்யுமாம். சும்மா விட்டால் இரண்டு வாரத்தில் தானே தெளியுமாம். பூச்சிகள் மீனுக்குத் தீனியாம். இதையெல்லாம் சொன்ன மீன் கடைக்காரர், சொன்ன கையோடு தண்ணீரைத் தெளியவைக்கும் மருந்து ஒரு பாட்டிலை என்னிடம் விற்றார். எனக்கு மீன் தொட்டியே கிடையாது.)

3

இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். அர்ச்சுனன் பீங்கான் பொம்மை கம்பெனியில் மண் கரைசல் தொட்டிக்குப் பொறுப்பாளர். கரைத்த மண் அடியில் படியும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார். "கைய எடுடா! கலக்கினே இருந்தா எப்பிடித் தெளியும்? சும்மா வுடு!" என்று அவர் போடும் சத்தம் ரோடு வரை கேட்கும். இருபது வருடமாக இதைச் சொல்பவர் வீட்டில் இப்படியா செய்வார்? நானும் நம்பவில்லை. ஆனால் இந்தப் பத்தியை ஒன்பதாவது முறையாக அடித்து எழுதுகிறேன். ஆகவே நம்புகிறேன்.

4

முடிவு அ: மீன் சாகிறது. எங்கள் சிற்றிதழ் ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

முடிவு ஆ: மீன் பிழைக்கிறது, பதவி உயர்வும் வருகிறது. ஞாயிறு இணைப்புக்கு அனுப்பலாம்.

எங்கள் காலாண்டிதழ் வருடத்துக்கு ஒருமுறை வரும். அதுவரை மீன் தாங்காது. இதுவரை எழுதியதைக் கம்ப்யூட்டர் சென்டரில் அச்செழுத்தாக அடித்து வாங்கி, ஞாயிறு காலை எதிர்வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

அர்ச்சுனன் ஒரு கையில் வாளியோடு வாங்கிப் படித்தார். முதல் பகுதியில் மனைவியை முறைத்தார். மூன்றாவதில் காது சிவந்தது.

"முடிவு எங்க சார்?"

"இன்னும் முடிவு பண்ணல."

"இப்பவே எழுதுங்க. அதுல என்னா இருக்குதோ அப்பிடியே செஞ்சிடறேன்."

அம்சவல்லி குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணே, கத நல்லா இல்லாட்டிப் போவுது. மீனு உசுரோட இருக்கட்டும்."

5

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "அர்ச்சுனன் வாளியைக் கீழே வைத்தார்." சப்பென்று இருந்தது. அடித்தேன். "வைத்தாரா?" அடித்தேன். "வாளி கனத்தது." அதையும் அடித்தேன். தாள் கிழிந்தது.

அர்ச்சுனனுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனிக் குரலில் கத்தினார்.

"கைய எடுங்க சார்! கலக்கினே இருந்தா எப்பிடித் தெளியும்? சும்மா வுடுங்க!"

கையை எடுத்தேன்.

அவர் குனிந்து தன் கையிலிருந்த வாளியைப் பார்த்தார். அம்சவல்லி குண்டானை இறுக்கிப் பிடித்தார். குண்டானில் மீன் ஒருமுறை வாயைத் திறந்து மூடியது.

நான் பேனாவை மூடிவிட்டேன். இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து தொட்டியில் கையை மட்டும் விடாதீர்கள்.