அடையாளம் சொல்ல ஓர் ஆண்பிள்ளை

புருஷன் அஹமது பாஷா கோர்ட்டில் போட்ட பிராதைக் கேட்டு முடித்தபோது அஜீஸுன்னிசாவுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“அந்த வரிய இன்னொரு தபா படிங்கக்கா,” என்றாள்.

படித்தவள் ஆக்னஸ். மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவச்சி, இங்கிலீஷ் தெரிந்தவள். அஜீஸின் மகள் வஜீதா பிறந்தபோது பிரசவம் பார்த்தவளும் அவள்தான். ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள்: ‘மேற்படி ஸ்திரீ கோஷாவைக் கைவிட்டு, ஆம்பூர் பஜாரில் முகத்தைத் திறந்துகொண்டு அந்நிய புருஷர்களோடு பேசித் திரிகிறவள். ஆகையால் எட்டு வயதுப் பெண் குழந்தையை வளர்க்க அருகதையற்றவள்.’ கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்த சாட்சிகள் நான்கு பேர். நால்வரும் அஹமது பாஷாவின் தோல் மண்டியில் பிழைப்பவர்கள். முதல் பெயர், தரகு ஷபீ அஹமது.

நிக்காஹ் ஆன நாள் முதல் புர்கா இல்லாமல் வாசற்படி தாண்டாதவள் அஜீஸ். அஹமது பாஷாதான் மதராஸில் இரண்டாவது நிக்காஹ் செய்துகொண்டு, இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் இருந்தான். திடீரென்று மகள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் இருந்தது. பெரியமேட்டில் தன்னோடு கூட்டு வியாபாரம் செய்கிறவரின் பிள்ளைக்கு வஜீதாவைப் பேசி முடித்துவிட்டான். பெண் பெரியவளாகும்வரை தாயிடம்தான் இருக்கவேண்டும் என்கிறது ஷரீயத். அதை உடைக்கவேண்டுமானால் தாய் கெட்டவளாக வேண்டும். சரி, ஆக்கிவிட்டால் போகிறது என்று ஆக்கிவிட்டான் அந்தப் புண்ணியவான்.

வக்கீல் வைக்கலாம் என்று பார்த்தால், போய்க் கேட்ட வக்கீல்களுக்கெல்லாம் மண்டிக்காரர்கள்தான் படியளந்தார்கள். ஒருவர் சமாதானமாகப் போகச் சொன்னார். இன்னொருவர் வீட்டில் இல்லை என்று உள்ளேயிருந்து அவரே குரல் கொடுத்தார்.

“எனக்கு வாயில்லயா? நானே பேசிக்கிறேன்,” என்றாள் அஜீஸ்.

அன்றிலிருந்து வீட்டுக்கூடம் கோர்ட்டு ஆனது. ஆக்னஸ் எதிர்த்தரப்பு வக்கீலாகி மிரட்டுவாள், அஜீஸ் பதில் சொல்வாள். எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் அஹமது பாஷாவின் வம்சத்தில் ஆரம்பித்தது.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு அஜீஸ். அவன் குடும்பத்தயே இழுக்காத.”

“அவன் என் மானத்த பஜாருக்கு இழுக்கலாம், நான் இழுக்கக் கூடாதா?”

ஒருவழியாகக் கோபத்தை மடக்கி, ஆக்னஸ் எழுத, அஜீஸ் கையெழுத்துப் போட, பதில் மனு தயாரானது. இருவரும் ரயிலேறிக் கோர்ட்டுக்குப் போனார்கள். தலைமைக் குமாஸ்தா சாமிநாதன் அதை இரண்டு விரலால் வாங்கினார். அதே விரலால் திருப்பிக் கொடுத்தார்.

“புர்காவுக்குள்ள யார் இருக்கான்னு கோர்ட்டுக்கு எப்டித் தெரியும்? கோஷா ஸ்திரீன்னா புருஷனோ அண்ணன் தம்பியோ வந்து, இன்னார்தான்னு அடையாளம் சொல்லணும்.”

“அப்பா மவுத்தாய்ட்டாரு. அண்ணன் தம்பி கெடையாது. கேஸே புருஷன் போட்டதுதான்.”

“நான் சொல்றேங்க. பிரசவம் பாத்தவ நானு,” என்றாள் ஆக்னஸ்.

“பொம்பளை சொன்னா ஆகாது.”

சட்டத்தில் அப்படி இருந்ததோ இல்லையோ, சாமிநாதன் வாயில் இருந்தது. எந்த ஆண்பிள்ளையும் முகம் பார்க்காமல் ஒழுக்கமாக இருந்தவளுக்கு, முகம் பார்த்த ஆண்பிள்ளையைக் கொண்டுவா என்று உத்தரவு. தாழ்வாரத்தில் தன் வக்கீலோடு நின்ற அஹமது பாஷாவையே கூப்பிட்டுக் கேட்டார் அவர். அவன் புர்காவை மேலும் கீழும் பார்த்தான்.

“உள்ள யாரோ! நான் இன்னாத்த கண்டேன்?” என்று சிரித்தான்.

குடும்பம் நடத்திய புருஷன் சொல்கிற பேச்சு இது. வாய்தா அன்றைக்கும் அடையாளம் சொல்ல ஆள் வராவிட்டால், எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்று குழந்தையைத் தகப்பனிடம் ஒப்படைத்துவிடுவார்கள் என்றார் சாமிநாதன்.

திரும்புகிற ரயிலில் அஜீஸ் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “அக்கா! நாலு பேரு என் மூஞ்சியப் பாத்ததா சத்தியம் பண்ணிருக்கானுங்களே. அவனுங்களும் ஆம்பளைங்கதானே? வந்து அடையாளம் சொல்லட்டும்!”

ஆக்னஸ் குலுங்கிச் சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. “அப்ப நீ முகத்தத் திறக்கணுமே, அஜீஸ்.”

குடியாத்தம் தாண்டியதும் அஜீஸ் முகத்திரையை ஒருதரம் இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“செய்யாத தப்ப செஞ்சேன்னு சொல்றான். செய்யலன்னு காட்டணும்னா அத நான் செஞ்சே ஆவணும். இன்னாக்கா நியாயம் இது?” என்று கேட்டாள். “திறக்கிறேன். பாவம் அவன் தலைமேல,” என்று பதிலையும் அவளே சொன்னாள்.

வாய்தா அன்று கோர்ட்டுக்குள் மூன்று புர்காக்கள் போயின. ஒன்றில் அஜீஸ், ஒன்றில் ஆக்னஸ், மூன்றாவதில் புர்கா தைத்துப் பிழைக்கும் ஃபரீதா. நடுவில் நின்றவள் பேசினாள்.

“ஹுஜூர், என் முகம் பஜாருக்கே தெரியும்னு பிராதுல எழுதிருக்கு. என் முகம் யாருக்கும் தெரியாதுன்னு என் மனுவத் திருப்பிட்டாங்க. ரெண்டுல ஒண்ணுதானே நெஜம்? நாங்க மூணு பேரும் எடம் மாத்தி நிக்கிறோம். அந்தச் சாட்சிங்க வந்து சொல்லட்டும்.”

எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சாட்சிகளை வெளியே நிறுத்தினார். பெண்கள் இடம் மாறினார்கள். மூவரும் முகத்திரையைத் தூக்கினார்கள், அஜீஸ் கடைசியாக. இத்தனை ஆண்கள் முன்னால் இப்படி நிற்க வைத்தவனை அவள் அந்த நிமிஷம் மனசார வெறுத்தாள். தலையை மட்டும் குனியவில்லை.

உள்ளே வந்த ஷபீ அஹமது மூன்று முகங்களையும் பார்த்தான். தொண்டையைச் செருமினான். ஆஸ்பத்திரியில் அதட்டிப் பழகிய ஆக்னஸின் முகம்தான் பஜாரில் திரிகிற முகமாக அவனுக்குப் பட்டிருக்கவேண்டும்.

“இவங்கதான் ஹுஜூர். தினமும் பாக்குறேன்.”

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுலயா பாத்தே?” என்றாள் ஆக்னஸ். கோர்ட்டே சிரித்தது.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார். வந்தவன் மண்டியில் தோல் தரம் பிரிக்கிறவன். மூட்டை மேல் குனிகிற பழக்கத்தில் அஜீஸின் முகத்துக்கு அருகே போய், கண்ணை இடுக்கிக்கொண்டு நெற்றியையும் கன்னத்தையும் சாவகாசமாகப் பார்த்தான். அவள் அசையாமல் நின்றாள்.

பின்வரிசையில் நாற்காலி ஒன்று சரிந்து விழுந்தது.

“டேய், தள்ளுடா!” அஹமது பாஷா பாய்ந்து வந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “அஜீஸ்! அறிவிருக்கா உனக்கு? மூடுடி முகத்த!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே விளங்கியது.

அஜீஸ் முகத்தை மூடவில்லை. சாமிநாதன் பக்கம் திரும்பினாள்.

“புருஷன் வந்து அடையாளம் சொல்லிட்டாரு ஐயா. எழுதிக்கோங்க. நீங்க எழுதி முடிச்சப்பறம் மூடிக்கிறேன்.”