ஜாஸ் கிட்டார், தினம் ஒரு வேளை, உணவுக்கு முன்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த பழக்கங்களிலேயே மிக ஆபத்தானது பயிற்சிதான் என்றும், தினமும் ஒரே நேரத்தில் கிட்டாரைத் தொடுகிறவன் தினமும் ஒரே நேரத்தில் ஜாஸைக் கொலை செய்கிறான் என்றும், காலைச் சாப்பாட்டு மேசையில் மகான் அறிவித்தான். கையில் பாதி கடித்த ரொட்டி இருந்தது. முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

"ஜாஸ்ங்கறது அந்த நிமிஷத்துல பொறக்கறது. பொறக்கப் போற குழந்தைக்கு யாராவது ஒத்திகை பாப்பாங்களா?"

"பெத்தவள கேளு," என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "ஒம்பது மாசமும் ஒத்திகைதான்."

மகான் என்பது அவனுடைய இசைக்குழு வைத்த பெயர். கேலிக்கு வைத்தார்கள், அவன் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டான். குழு என்றால் மொத்தம் மூன்று பேர். பேஸ் என்ற ஆளுயரத் தந்திவாத்தியம் வாசிப்பவர் லிஃப்ட் மெக்கானிக். டிரம்ஸ் வாசிப்பவள் தையல்கடை வைத்திருப்பவள். பதினைந்து வருஷம் மிஷினை மிதித்த கால் என்பதால் அவள் தாளம் நூல் பிடித்த மாதிரி போகும். கிட்டார் நம் மகான்.

அன்றைய அறிவிப்பு உண்மையில் அக்காவுக்காக. அக்கா மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். மூன்று மாதத்துக்கு முன்னால், யாரையும் கேட்காமல், பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, தானும் ஜாஸ் கற்கப் போவதாகச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருந்தால் மகான் மன்னித்திருப்பான். அவள் ஒரு மாத்திரைப் பெட்டியையும் கொண்டுவந்தாள். ஞாபகமறதி உள்ளவர்களுக்குக் கடையில் விற்பார்களே, ஏழு கிழமைக்கு ஏழு அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, அது. ஒவ்வொரு அறையிலும் மடித்த சீட்டு ஒன்று. உள்ளே மருந்துச் சீட்டு பாணியில் அவள் கையெழுத்து: 'திங்கள். விரல் 5 நிமிஷம். கார்டு பிடிக்க 10 நிமிஷம். பாட்டு 5 நிமிஷம். உணவுக்கு முன்.' காலை ஆறு பத்துக்கு மூடியைத் திறப்பாள். ஆறரைக்குச் சீட்டை மடித்து, அடுத்த வாரத்துக்காக அதே அறையில் போட்டு மூடிவிடுவாள். கூட ஒரு நிமிஷம் வாசிக்கச் சொன்னாலும் மாட்டாள், ஓவர்டோஸ் ஆகிவிடுமாம்.

"ஏன்க்கா, ஜாஸ் என்ன ரத்தக்கொதிப்பா?"

"எனக்கு இன்னும் வரல. நீ பேசினா வரும்."

அக்காவின் அறைக்கும் மகானின் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவள் நல்லவள், தம்பி தூங்குகிறானே என்று கிட்டாரை ஒலிபெருக்கியில் செருகாமலேதான் வாசிப்பாள். எனவே கிட்டார் சத்தம் சுவரைத் தாண்டாது. தாண்டுவதெல்லாம் தாளம் பிசகாமல் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் மட்டும். டிக். டிக். டிக். முதல் வாரம் அவன் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டான். இரண்டாவது வாரம், எப்படியும் விழித்தாயிற்று என்று, தன் கிட்டாரை எடுத்து வயிற்றின் மேல் சாய்த்துக்கொண்டு, அந்த டிக்குக்கு ஏற்ப குழுவின் பாட்டை மெல்ல மீட்ட ஆரம்பித்தான். அப்புறம் ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனால் இது பயிற்சி அல்ல. பயிற்சி என்றால் உட்கார வேண்டும்; படுத்துக்கொண்டு செய்யும் எதுவும் பயிற்சிக் கணக்கில் வராது என்பது அவன் சட்டம்.

இந்த நிலையில் ஓர் ஓட்டலிலிருந்து அழைப்பு வந்தது. முன்கூடத்தில் சனிக்கிழமைதோறும் மாலை இரண்டு மணி நேரம் வாசிக்க ஆள் வேண்டும். வருகிற சனிக்கிழமை மேனேஜர் கேட்டுப் பார்த்து முடிவு சொல்வார். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர மகானுக்கு உள்ளே கால் தரையில் நிற்கவில்லை. இதுவரை அவனை வாசிக்கக் கூப்பிட்ட எல்லா இடங்களும் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை, பல மாதங்களுக்குப் பிறகு ஒத்திகை, லிஃப்ட் பட்டறையில். எண்ணெய் வாடை, சுருட்டி வைத்த இரும்புக் கம்பிவடம், எந்த மாடிக்கும் போகாத பழைய பொத்தான் பலகைகள். தையல்காரம்மா நாலு எண்ணினாள். அவள் இடது கால் மிதிக்க, டிரம்ஸின் ஜோடித் தாளத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதி 'ச்சிக்' என்றன. ஜாஸில் அந்த ச்சிக் எப்போதும் நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும்தான் விழும். மகான் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினான்.

எட்டு வரி போவதற்குள் லிஃப்ட் மெக்கானிக் கையை நிறுத்தினார்.

"தம்பி, லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்குது."

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி நடுவில் நின்றது. மூன்றாம் தடவையும் மகான் மற்ற இருவரிடமிருந்தும் துல்லியமாக ஓர் எண்ணிக்கை தள்ளிப் போய்க்கொண்டிருந்தான்.

தையல்காரம்மா குச்சிகளை மடியில் வைத்தாள். "டேய் மகான். முன்னெல்லாம் நீ எந்த இடத்துல தப்பு பண்ணுவேன்னு உனக்கே தெரியாது. இன்னைக்கு மூணு தடவையும் ஒரே தப்பு, அளவெடுத்து வெட்டின மாதிரி. உண்மையச் சொல்லு, தினமும் பயிற்சி பண்றியா?"

"என்னைப் பாத்து என்ன வார்த்தை கேட்டுட்டீங்க!"

"இவ்வளவு சுத்தமான தப்பு சும்மா வராதுப்பா," என்றார் மெக்கானிக், ஏறக்குறைய மரியாதையோடு. "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடு. இல்லேன்னா அந்த சலூன்காரத் தம்பியக் கூப்பிட வேண்டியதுதான். அவனுக்கு நாலே கார்டுதான் தெரியும். ஆனா நாலுக்கும் நேரத்துக்கு வந்துடுவான்."

வீடு வரும் வழியெல்லாம் மகானின் மூளையில் ச்சிக்கும் டிக்கும் மாறி மாறி அடித்தன. நேராக அக்காவின் அறைக்குப் போனான். சும்மா கேட்பவன் போலக் கதவில் சாய்ந்துகொண்டான்.

"ஆமா, உன் மெட்ரோனோம் டிக் டிக்னு அடிக்குதே, அது ஒண்ணும் மூணும்தானே?"

"இல்லடா. ரெண்டும் நாலும். வேகத்தைப் பாதியா வச்சு அடிக்க விடணும். ஒண்ணையும் மூணையும் நாமளே மனசுல போட்டுக்கணும். அதுதான் மருந்தே."

மகானின் முகம் வெளுத்தது. "ஒண்ணு... இல்லையா?"

"ஒண்ண போய் யாராவது மெஷின்கிட்ட குடுப்பாங்களா?" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "டேய். சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"ஒண்ணும் இல்ல."

"எத்தனை நாளா?"

"ஒண்ணும் இல்லங்கறேன்ல!"

"மூணு மாசமாவா?"

அக்கா கட்டிலில் விழுந்து சிரித்தாள். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, மாத்திரைப் பெட்டி உருண்டு கீழே விழுந்தது. "நேரம் தவறாம... ஒரு வேளகூட விடாம... மாத்திரைதான்டா தப்பு!"

"என்னடி அங்க கூத்து?" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

"தம்பி பயிற்சி பண்ணிட்டான்மா!"

"ஐயையோ! உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

சிரித்து ஓய்ந்த அக்கா பெட்டியை எடுத்துத் துடைத்து நீட்டினாள். "இந்தா, ஒரு சீட்டு எடுத்துக்கோ. ஆறு நாள் இருக்கு. தாராளமா சரியாயிடும்."

"டப்பாவுக்குள்ளேர்ந்து ஜாஸ் எடுக்கற நிலைமை எனக்கு இன்னும் வரல," என்றான் மகான். சலூன்காரத் தம்பியின் முகம் கண்ணில் வந்து வந்து போனதால், சொன்ன வேகத்துக்குக் குரல் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு, எதிரியின் ஆயுதம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆர்வத்தில் மட்டுமே, அக்கா இரவு ஃபிரிட்ஜ் மேல் விட்டுப் போயிருந்த பெட்டியை அவன் திறந்தான். சீட்டைப் படித்தான். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். சத்தம் வராமல் இருக்கக் கம்பிகளுக்கு அடியில் ஒரு காலுறையைச் செருகினான். காதில் இயர்போன், போனில் மெட்ரோனோம், பாதி வேகம். முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

டிக் என்றால் அவன் உடம்பு ஒண்ணு என்றது. ரெண்டுடா, என்று அவன் அதட்டினான். டிக். ஒண்ணு. ரெண்டு! வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு ஓடுகிற கதைதான். ஆறு மணிக்குச் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தூங்கி எழுந்தவன் போலக் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

செவ்வாயும் அதே போராட்டம். புதன்கிழமை ஏழாவது நிமிஷத்தில் அது நடந்தது. டிக்குக்கு முன்னால் இருந்த மௌனத்தில், யாரும் கூப்பிடாமல், ஒண்ணு தானாக வந்து உட்கார்ந்தது. அதன் பின்னால் டிக் சமர்த்தாக ரெண்டில் விழுந்தது. அறை முழுவதும் யாரோ தூக்கி நேராக வைத்த மாதிரி இருந்தது. மகான் தனியாகச் சிரித்தான். நிறுத்த முடியாமல் சிரித்து, வெளியே கேட்காமல் இருக்க இன்னொரு காலுறையை வாயில் அமுக்கிக்கொண்டான்.

பெட்டியின் 'வியாழன்' அறையில் இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று வழக்கமானது. இன்னொன்றில், 'இரண்டாவது நோயாளிக்கு: அதே மருந்து, 20 நிமிஷம். உட்கார்ந்து.' மகான் கோபமாகப் படித்தான். கோபமாகவே இருபது நிமிஷம் வாசித்தான். சாப்பாட்டு மேசையில் இருவரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை ஓட்டலில் பளிங்குத் தரை, சக்கரப் பெட்டிகள், தூணில் சாய்ந்து கைகட்டி நின்ற மேனேஜர். தையல்காரம்மா நாலு எண்ணி மிதித்தாள். ச்சிக். விரல்கள் பழைய ஆசையில் தாவப் பார்த்தன. மகான் உதட்டுக்குள் 'ரெண்டு' என்றான். இறங்கினான். லிஃப்ட் சரியாக மாடியில் போய் நின்றது, கதவு திறந்தது. மெக்கானிக் பேஸுக்குப் பின்னாலிருந்து பல் தெரியச் சிரித்தார்.

"அடுத்த சனிக்கிழமையும் வந்துடுங்க," என்றார் மேனேஜர். அந்த 'அடுத்த'வை மகான் வீடு வரும்வரை வாயிலேயே வைத்திருந்தான்.

"எப்படிடா சரி பண்ண?" என்று தையல்காரம்மா கேட்டதற்கு, "தானா வந்துச்சு. அந்த நிமிஷத்துல பொறந்தது," என்றான். வீட்டிலும் அதையே சொன்னான். "பாத்தீங்களா, பயிற்சி கியிற்சி எதுவும் இல்லாம?"

"ஆமாமா," என்றாள் அக்கா, ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே.

ஞாயிறு காலை ஐந்தரை. வேலை கிடைத்தாயிற்று, சலூன்காரத் தம்பி முடி வெட்டப் போயாயிற்று, எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஃபிரிட்ஜுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று மகான் 'ஞாயிறு' மூடியைத் திறந்தான். மடிப்புக் கசங்காத புதுச் சீட்டில் ஒரே வரி: 'இன்று ஓய்வு. மீறக் கூடாது.'

இரண்டு தடவை படித்தான். அக்காவின் கதவைப் பார்த்தான், சாத்தியிருந்தது. சீட்டை அவள் மடித்தபடியே மடித்து உள்ளே வைத்து, சத்தம் வராமல் மூடினான். பிறகு பக்கத்தில் இருந்த 'திங்கள்' மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு, காலுறை தேடப் போனான்.