துரையைக் குளிப்பாட்டக் கூடாது

"வணக்கம். தும்மல் இல்லாத வீடு, துள்ளி விளையாடும் பூனை. நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

"அடியே, நான்தான்டி."

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்கா! அதுவும் பூனை விற்கிற நிறுவனத்தின் புகார் எண்ணில். வேலை நேரத்தில் கைபேசிகளை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள் என்பதால் அக்கா நேராக இந்த எண்ணுக்கே அழைத்துவிட்டாள். இங்கே பேசுவதெல்லாம் பதிவாகும். போதாததற்கு மேஜைமேல் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் மேற்பார்வையாளர் தன் அறையில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்கிறார் என்று அர்த்தம். 'குரல்ல சிரிப்பு தெரியணும்' என்று ஓயாமல் சொல்வதால் அவருக்கு சிரிப்பு சார் என்று பெயர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்க மேடம்," என்றாள் சின்னவள்.

"மேடமாம் மேடம்! உங்க மாமாவுக்குத் தும்மித் தும்மி மூக்கு தக்காளி மாதிரி ஆயிடுச்சு. இப்போ ஒரு தும்மல்ல கடிகாரத்துச் சக்கரம் ஒண்ணு எங்கேயோ பறந்து போச்சு. வீடே நாலு கால்ல தவழ்ந்துக்கிட்டிருக்கு. ஏதாவது வழி சொல்லு."

"உங்க சிரமத்துக்கு வருந்தறோம் மேடம். வீட்டுல தரைவிரிப்பு இருக்குங்களா?"

"நீதானே வந்து சுருட்டி மாடியில போட்டே!"

"திரைச்சீலை?"

"அதையும் நீதான் கழட்டினே. தெருவுல போறவன் எல்லாம் நாங்க சாப்பிடறதைப் பார்த்துட்டுப் போறான்."

"மெத்தை, தலையணை?"

"பலகையில படுத்து முதுகு உடைஞ்சு கிடக்கோம்டி, பாவி."

"நன்றி மேடம். முகப் பவுடர், வாசனை சோப்பு, பூந்தொட்டி…"

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு. மிச்சம் இருக்கறது உங்க மாமாவும் பூனையும்தான். இதுல எதை வெளியே போடணும்னு சொல்லு, போட்டுடறேன்."

இந்தக் கேள்விக்கு நிறுவனம் தந்த வழிகாட்டியில் பதில் இல்லை. தும்மலுக்குக் காரணம் என்று வீட்டிலுள்ள எதை வேண்டுமானாலும் சொல்லலாம். தூசியைச் சொல்லலாம், ஜன்னலைச் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரரைக்கூடச் சொல்லலாம். பூனையை மட்டும் சொல்லக் கூடாது.

"சாயங்காலம் வர்றேன், மேடம்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தாள் சின்னவள்.

நிறுவனத்தின் பூனை யாருக்கும் ஒவ்வாமை தராது என்பதுதான் அவர்களுடைய விளம்பரம். பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த தனி இனமாம். தொலைக்காட்சியில் இதைப் பற்றி அடிக்கடி அடிதடி விவாதம் நடக்கும். வாசலில் ஒரு கூட்டம் 'மோசடி' என்று அட்டை பிடித்து நிற்கும். அதற்கு எதிரே இன்னொரு கூட்டம், 'பூனை என்ன கடைச் சரக்கா?' என்று கேட்டு நிற்கும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும் இடைவெளியில் சின்னவள் தினமும் உள்ளே நுழைந்துவிடுவாள். அவள் நிறுவனத்தை நம்பினாள். நம்பியதால்தான் மாமாவையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

மாமா கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு கண்ணில் லென்ஸ், கையில் இடுக்கி, எதிரே மூச்சு பட்டால் பறக்கிற சாமான்கள். இந்தத் தொழிலில் தும்மல் என்பது வீட்டுக்குள் அடிக்கிற புயல். பூனை இருக்கிற தெருவையே சுற்றிக்கொண்டு போகிறவர் அவர். ஆனால் பூனை என்றால் உயிர். அடுத்த வீட்டுப் பூனையைக் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்சுவார்.

நிறுவனத்தின் அறிமுகக் கூடத்தில் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு கொழுத்த பூனையை அவர் மடியில் வைத்தார்கள். மாமா அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு தும்மல் இல்லை. நிமிர்ந்தபோது கண் நிறையத் தண்ணீர். சின்னவள் பதறிவிட்டாள்.

"இது ஒவ்வாமை இல்லம்மா. இது வேற," என்றார் மாமா.

அன்றே பூனை வீட்டுக்கு வந்தது. நடையிலும் பார்வையிலும் ஒரு மிதப்பு இருந்ததால் துரை என்று பெயர் வைத்தார்கள். ஓரிரு நாள் வீடே திருவிழா. அப்புறம் ஆரம்பித்தது தும்மல்.

சாயங்காலம் சின்னவள் போனபோது அக்கா வீடு, குடித்தனக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி எதிரொலித்தது. அக்கா காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தாள். மாமா முகமூடிக்கு மேல் முகமூடி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் மகள் வாண்டு, துரையை மடியில் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தாள். சித்தியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காந்தத்துல ஒட்டாதுடி அது. பித்தளை," என்றார் மாமா, முகமூடிக்குள்ளிருந்து.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? அரை மணி நேரமா மாடு மாதிரி இழுத்துக்கிட்டிருக்கேன்!"

"சொன்னேன். தும்மல்ல உனக்குக் கேக்கலை."

சின்னவள் மெல்ல ஆரம்பித்தாள். "மாமா, ஜன்னல் கம்பியில துரு இருந்தாக்கூட…"

"நிறுத்தும்மா." மாமா முகமூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நீ சொன்னதையெல்லாம் கேட்டேன். சோப்பு இல்லாம குளிச்சேன். பலகையில படுத்தேன். இனிமே என்னால ஆகாது. திங்கக்கிழமை உங்க கம்பெனி வண்டியை அனுப்பச் சொல்லு. துரையைத் தூக்கிட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு அவர் பூனையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"துரையை அங்க என்ன பண்ணுவாங்க, சித்தி?" வாண்டு முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

இதே கேள்வியைச் சின்னவள் சிரிப்பு சாரிடம் கேட்டிருக்கிறாள். 'தரப் பரிசோதனைக்குப் போகும்' என்றார். 'அப்புறம் சார்?' என்றாள். 'அப்புறம் தரமா இருக்கும்' என்றார்.

"தெரியலடா," என்றாள்.

"அங்கேயே வேலை பார்க்கறே, ஒண்ணுமே தெரியல. அப்புறம் போன்ல என்னதான் சொல்லுவே?"

அக்காகூட இந்த அளவுக்குத் திட்டியதில்லை. அதே நேரம் அக்கா பாத்திரம் தேய்க்கக் குழாயைத் திறந்தாள். தொட்டியில் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், துரை வாண்டுவின் மடியிலிருந்து எகிறிக் குதித்து, வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடி, எட்டித் தாவித் தொட்டிக்குள் இறங்கிற்று. குழாய்க்கு நேர் கீழே நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"போச்சுடா! வந்துட்டாரு துரை." அக்கா குழாயை மூடிப் பூனையைத் தூக்கிக் கீழே விட்டாள்.

"இது என்னக்கா?"

"தினமும் இதே கூத்துதான். தண்ணிச் சத்தம் கேட்டாப் போதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வந்து நிக்கும். அப்புறம் வாயைத் திறந்துக்கிட்டு எதையோ கேக்கும். என்ன கேக்குதுன்னுதான் தெரியலை."

"குளிப்பாட்டினீங்களா?"

"குளிப்பாட்டவே கூடாதுன்னு உங்க புத்தகத்துலதானே கொட்டை எழுத்துல போட்டிருக்கு? ரோமத்தோட விசேஷம் போயிடுமாமே. நனையறதுக்குள்ள தூக்கி வெளியே விட்டுடுவேன்."

உலகத்தில் எந்தப் பூனை தண்ணீருக்கு ஓடி வரும்? சின்னவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனவள் காபி குடிக்கிற இடைவேளையில், அறிமுகக் கூடத்தின் பின்பக்கமாக நடந்தாள். ஒரு கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். எட்டிப் பார்த்தாள்.

சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பூனை, கண்ணை மூடிக்கொண்டு, சோப்பு நுரையில் நனைந்து பாதி உடம்பாக நின்றது. ரப்பர் கையுறை போட்ட ஒருவர் ஒவ்வொன்றையும் அலசித் துவட்டி, வாயில் ஒரு மீன் துண்டைப் போட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். ஈரம் காய்ந்த பூனைகள் அறிமுகக் கூடத்துக்குப் போகிற கூடைகளில் உட்கார்ந்திருந்தன.

"கதவை மூடும்மா, குளிர் அடிக்குது," என்றார் அவர். "வாடிக்கையாளருங்க வர்றதுக்குள்ள இதுங்களைக் காய வைக்கணும்."

கதவை மூடினாள். நேரே சிரிப்பு சார் அறைக்குப் போனாள்.

"சார், நம்ம பூனைங்களை தினமும் குளிப்பாட்டறாங்க."

"சுத்தம் நல்லதுதானே?"

"குளிப்பாட்டினா தும்மல் வர்றதில்லை. குளிப்பாட்டாம விட்டா வருது. அப்போ இது தனி இனம் எல்லாம் இல்லை. எல்லார் வீட்டுப் பூனை மாதிரிதான். அப்படித்தானே சார்?"

சிரிப்பு சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீ எந்தப் பிரிவு?"

"புகார்ப் பிரிவு சார்."

"குளியல் எந்தப் பிரிவு?"

"சார், எங்க மாமா பலகையில படுத்துக்கிட்டிருக்கார்! குளிப்பாட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா பாதிப் பேரோட பிரச்சினை தீர்ந்துடும். அதையாவது வழிகாட்டியில சேர்க்கலாமே?"

"குளிப்பாட்டுங்கன்னு சொன்னா, 'அப்போ பக்கத்து வீட்டுப் பூனையைப் பிடிச்சுக் குளிப்பாட்டிக்கறேன், உங்க பூனை எதுக்கு?'ன்னு கேப்பான். நீ என்ன பதில் சொல்லுவே?"

சிரிப்பு சார் கதவைக் காட்டினார்.

"போ. போய் உக்காரு. குரல்ல சிரிப்பு தெரியணும்."

திங்கட்கிழமை காலை. முதல் அழைப்பே அக்காதான். பின்னணியில் வாண்டுவின் விசும்பல் கேட்டது.

"வண்டி எப்போ வரும்னு கேக்கறார் உங்க மாமா. துரையைக் கூடையில போட்டாச்சு. போட்டதுலேருந்து இவ ஒரு வாய் சாப்பிடலை. அவரும்தான் சாப்பிடலை, ஆனா பசியில்லைங்கறார்."

சின்னவள் மேஜையைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வழிகாட்டி திறந்திருந்தது. 'திரும்பப் பெறும் கோரிக்கை: முகவரியை உறுதி செய்து, நன்றி கூறவும்.'

"மேடம், உங்க முகவரி…" என்று ஆரம்பித்தாள். 

"என்னடி? முகவரி தெரியாதா உனக்கு? பிறந்தநாள்னா கேக்கை முழுங்க மட்டும் தெரியுமா?"

"அக்கா." அவள் குரலில் சிரிப்பு சுத்தமாக இல்லை. "வண்டி வராது. நான் அனுப்ப மாட்டேன். நீ போய்க் குழாயைத் திற."

"என்னது?"

"குழாயைத் திற அக்கா! துரையைக் கூடையிலேருந்து எடுத்து வெளியே விடு. தானா வந்து நிப்பான். நல்லா சோப்புப் போட்டு அலசு, துவட்டு, ஒரு துண்டு மீன் குடு. அதைத்தான் இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டிருக்கான். தினமும் செய். அது சாதாரணப் பூனை, அக்கா. இங்கே எல்லாமே சாதாரணப் பூனைதான். காலையில குளிப்பாட்டி எடுத்து மடியில வைக்கறாங்க, அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. பிறகு அக்கா கத்தினாள். "அப்போ என் மெத்தை?"

"மெத்தையை எடுத்துப் போட்டுக்கோ!"

சிவப்பு விளக்கு அணைந்தது. அதாவது சிரிப்பு சார் எழுந்து வந்துகொண்டிருக்கிறார். அவர் அறையிலிருந்து இங்கே வர நீளமான நடை. அதற்குள் அடுத்த அழைப்பு மணி அடித்தது. எடுத்தாள்.

"நாங்க திரைச்சீலை எல்லாம் கழட்டிட்டோம், ஆனாலும் என் பையனுக்கு…" என்றது ஒரு பெண் குரல்.

"குளிப்பாட்டுங்க," என்றாள் சின்னவள். "பையனை இல்லை. பூனையை."

மூன்றாவது அழைப்பின் நடுவே யாரோ பின்னாலிருந்து தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கினார்கள்.

சில நாள் கழித்துச் சின்னவள் போனபோது, அக்கா வீட்டில் திரைச்சீலை திரும்பவும் தொங்கியது. மெத்தை வந்துவிட்டது. மாமா வேலைக்கு உட்காருவதற்கு முன்னால் தொட்டியருகே நின்றார். சட்டை முழுக்க ஈரம், கையில் நகக் கீறல். துரை குழாய்க்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு, வரவேண்டிய மரியாதை வந்து சேர்ந்த தோரணையில் நின்றது. வாண்டு மீன் தட்டோடு காத்திருந்தாள்.

"கம்பெனிக்காரன் பார்க்க வேண்டிய வேலையை நான் பார்த்துக்கிட்டிருக்கேன்," என்று பொருமினார் மாமா. "தினமும்! ஆயுசு முழுக்க!"

"தும்மல் எப்படி மாமா?"

"குறைஞ்சிருக்கு. நின்னுடுச்சுன்னு சொல்லமாட்டேன். வாயை மூடிக்கிட்டுத் தும்ம இப்போ பழகிட்டேன்." சொல்லும்போதே ஒன்று வந்தது. தலையைத் திருப்பி அதை முழங்கையில் அமுக்கினார். துரை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது.

"சரியா துவட்ட வரமாட்டேங்குது. உங்க கம்பெனியில எப்படித் துவட்டினாங்க?"

"கதவிடுக்குல ஒரு தடவை பார்த்ததோட சரி. நான் போன்ல இருந்தவ."

"இப்போ எங்கே இருக்கே?"

"தெருவுல."

மாமா குழாயை மூடினார். பிறகு நனைந்து கனத்துப்போன துரையை அப்படியே தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

"அப்போ சும்மாதானே இருக்கே. புடிச்சுத் துவட்டு."