தண்ணீரில் நின்ற பத்துப் பேர்

மெட்ராஸில் சட்டம் படித்து முடித்து எஃப்ராயீம் காயல்முனைக்குத் திரும்பிய வாரம், ஓய்வுநாள் காலையில் அப்பாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். யூத ஜெபக்கூடத்தின் முன்னறை அது. உள்வாசலுக்கு இரண்டு படி கீழே, காயலைப் பார்த்துக் கிடக்கும் கல்தளம். பெஞ்சுகள் உள்ளே. பெஞ்சில் உட்காரும் குடும்பங்களும் உள்ளே. எஃப்ராயீமின் முன்னோர் எந்தக் காலத்திலோ அந்தக் குடும்பங்களுக்கு அடிமைகளாக இருந்து, அவர்களுடைய வேதத்தை ஏற்று விடுதலை பெற்றவர்கள். விடுதலை கிடைத்தது, பெஞ்சு கிடைக்கவில்லை. வேதச்சுருளின் முன்னால் நின்று வாசிக்க அவர்களில் ஒருவரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்று எண்ணும்போது எண்ணுகிற விரல் வாசலோடு நின்றுவிடும்.

தரையில் உட்கார்ந்து பார்த்தால் உள்ளே தொங்கும் கண்ணாடி விளக்குகளின் அடிப்பக்கம்தான் தெரியும். பச்சை, ஊதா, தேன் நிறம். கடற்காற்று வரும்போது அவை மெல்ல ஆடும். எஃப்ராயீம் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்கப் பார்க்கக் கூரை தண்ணீராகி, விளக்குகள் அதில் கவிழ்ந்து மிதக்கும் தோணிகளாகிவிடும். ஜெபத்தின் ஏற்ற இறக்கம் துடுப்புச் சத்தம் போலக் கேட்கும். அப்பா முழங்கையால் இடித்த பிறகுதான் "ஆமேன்" சொல்ல வாய் திறப்பான்.

எர்ணாகுளம் கோர்ட்டில் அவனுக்கு நாற்காலி இருந்தது. ஜட்ஜ் அவனைக் கற்றறிந்த வக்கீல் என்று விளித்தார். வாரத்தில் ஐந்து நாள் மரியாதை, ஆறாம் நாள் வீட்டு வேலை, ஏழாம் நாள் தரை. இப்படியே வருடங்கள் போயின. கதர் உடுத்தினான். மைதானத்தில் பேசினான். நீராவிப் படகுக் கம்பெனி ஒன்று தோணிக்காரர்களின் பழைய துறையை வேலியடைத்தபோது அவர்களோடு வேலியோரம் படுத்தான். போலீஸ் தூக்கிக்கொண்டுபோய் லாக்கப்பில் வைத்தது. வழக்கு நடந்து, வேலி பிரிந்தது. அன்றிலிருந்து அவனுக்குத் தோணிக்கார வக்கீல் என்று பெயர்.

துறை திறந்த அன்று பரீது என்ற தோணிக்காரன் அவனைக் கரைக்குக் கரை இழுத்துப் போய்க் கொண்டாடினான். நடுக்காயலில் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"சாரே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எங்களுக்கு ஒரு துறையவே வாங்கிக் குடுத்திட்டீங்க. உங்களுக்கு ஒரு பெஞ்சு வாங்க முடியலையா?"

எஃப்ராயீம் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே தீர்ந்துபோனது. தோணி தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் மேகங்கள் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த ஓய்வுநாள் அவன் முன்னறையில் உட்காரவில்லை. இரண்டு படி ஏறி உள்ளே போய், வாசிப்பு மேடையின் அடியில், பெஞ்சுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தான். அவன் பின்னால் பெரியப்பா மகன் கெர்ஷோம், அவன் பின்னால் இன்னும் சிலர். மேடையில் நின்றிருந்த அசரியா முதலாளி, மிளகு வியாபாரி, கூடத்தின் மூப்பர், அவனைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

"கீழ எறங்குற வரைக்கும் ஜெபம் இல்ல."

யாரும் இறங்கவில்லை. யாரும் ஜெபிக்கவுமில்லை. எல்லோரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குருவி ஜன்னல் வழியாக வந்து விளக்குச் சங்கிலியில் உட்கார்ந்து ஊஞ்சலாடியது. வெயில் பெஞ்சுகளின் மேல் மெதுவாக ஊர்ந்தது. எஃப்ராயீமுக்குக் காலம் நின்றுபோய்விட்டது போலவும், தாங்கள் எல்லோரும் படத்தில் வரைந்த ஆட்கள் போலவும் தோன்றியது.

அப்போது மேலே, மரத்தட்டிக்குப் பின்னால் பெண்கள் உட்காரும் மாடத்திலிருந்து ஒரு பாட்டு இறங்கி வந்தது. கல்யாண வீடுகளில் பெண்கள் பாடும் மலையாளப் பாட்டு. மல்காவின் குரல். அசரியா முதலாளியின் ஒரே மகள்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "மல்கா!"

பாட்டு நிற்கவில்லை. இன்னொரு குரல் அதோடு சேர்ந்துகொண்டது. அது தன் மனைவி சிப்போரா என்று எஃப்ராயீமுக்குத் தெரிந்தது. அந்த இருவருக்கும் பாட்டுப் பித்து. இரண்டு வீட்டுக் கொல்லைகளுக்கும் நடுவிலிருந்த மதிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று, துணி துவைத்தபடி பாட்டுகளைக் கைமாற்றிக்கொள்வார்கள். மதில் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

பாட்டு முடிந்தது. ஜெபம் நடக்காமலே கூட்டம் கலைந்தது. அடுத்த வாரம் அவர்கள் வரும்முன்பே உள்கதவு தாழிட்டிருந்தது.

"முன்னறையும் வேண்டாம்," என்றான் எஃப்ராயீம். "நம்மாளுங்க ஒருத்தர் காலும் இனிமே அந்தக் கல்லுல படக்கூடாது."

அப்படித்தான் எஃப்ராயீம் வீட்டு மாடி ஜெபக்கூடமானது. இவர்கள் பக்கம் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பெஞ்சுக் குடும்பங்களோ பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்ப் போய்த் தேய்ந்திருந்தன. மிச்சமிருந்தவர்களை எண்ணி எண்ணிப் பத்தாக்க வேண்டியிருந்தது.

அந்த வருஷம் மழை ஒரு மூச்சும் விடாமல் பெய்தது. காயலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிட்டன. தெருவில் மீன் ஓடியது. மழையோடு காய்ச்சல் வந்தது. சிப்போரா கொல்லையில் நின்று பாடினாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அழுகைச் சத்தம்தான் வந்தது.

மல்காவைப் படகில் வைத்துக்கொண்டுபோய் மேட்டு நிலத்தில் அடக்கம் செய்தார்கள். சிப்போரா அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், ஜன்னலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தாள்.

துக்க வாரம் முடிந்து அசரியா முதலாளி ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கினார். இறந்தவருக்கான ஜெபத்தைத் தகப்பன் சொல்ல வேண்டும், பத்துப் பேர் சுற்றி நின்று ஆமேன் சொல்ல வேண்டும். பெஞ்சுக்காரர்களில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். ஒன்பது பேர் மிஞ்சினார்கள். ஒன்பது பேரும் காலையில் கூடி, காத்திருந்து, அந்த ஜெபத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனார்கள். செய்தி மதில் தாண்டி வந்தது.

மாடியில் காலை ஜெபம் முடிந்து அப்பமும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கெர்ஷோம் சொன்னான்:

"நல்லா வேணும். ஒரு ஆளுன்னா என்னான்னு இப்பத்தான் அவங்களுக்குப் புரியும். முதலாளியே வந்து நம்ம வாசல்ல நிப்பாரு பாரு."

"மக செத்த மனுஷன் சேட்டா," என்றான் எஃப்ராயீம் அண்ணனிடம்.

"நம்ம தாத்தாவுக்கும்தான் மக செத்தா. எங்க நின்னு ஜெபம் சொன்னாரு? கல்லுல. டேய், கோர்ட்டுல ஜெயிக்கப்போற நேரத்துல கேஸ வாபஸ் வாங்குவியா நீ?"

எஃப்ராயீமுக்குக் கெர்ஷோம் சொன்னது சரி என்றே பட்டது.

இத்தனை நாள் பேசாத சிப்போரா, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கெர்ஷோமைப் பார்க்காமல் கணவனை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க எல்லாம் ஊமையா உக்காந்திருந்தப்ப அவதான் உங்களுக்காகப் பாடினா. அப்பன் மொறைக்க மொறைக்கப் பாடினா. அவளுக்கு ஒரு ஆமேன் சொல்ல இந்தத் தெருவுல ஆளில்லையா?"

"நானே போட்ட கட்டுப்பாடு, சிப்போரா."

"நீங்களே போட்டதுதானே. வேற யாராச்சும் போட்டிருந்தா மீற முடியாது."

அன்று ராத்திரி மழைச் சத்தத்தில் அவன் தூங்கியும் தூங்காமலும் கிடந்தான். விடிந்ததும் கீழே இறங்கிப் பார்த்தால் வாசற்படி வரை காயல் வந்திருந்தது. பரீது தோணியைத் தெருவிலேயே ஓட்டிக்கொண்டு வந்தான்.

"எங்க சாரே? கோர்ட்டுக்கா?"

"ஜெபக்கூடத்துக்கு."

பரீது தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு துடுப்பைப் போட்டான். தோணி வீடுகளின் ஜன்னல்களை உரசிக்கொண்டு போனது. ஒரு ஜன்னலில் கோழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாருடையதோ ஒரு மரக்கட்டில் மெல்லச் சுழன்று சுழன்று எதிரே வந்து வழிவிட்டுப் போனது. அதன் மேல் ஒரு பூனை, எந்த அவசரமும் இல்லாமல். எஃப்ராயீமுக்குத் தான் இன்னும் படுக்கையிலேயே இருக்கிறோமோ என்று சந்தேகம் வந்தது. கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். குளிர்ந்தது.

முன்னறை முழுக்கத் தண்ணீர். உள்ளே இரண்டு படி மேலே தரை காய்ந்திருந்தது. ஒன்பது பேரும் அங்கே நின்றார்கள். எஃப்ராயீம் தோணியிலிருந்து இறங்கி, தண்ணீரில் அளைந்து நடந்து, அப்பாவோடு உட்கார்ந்த அதே இடத்துக்குப் போனான். உட்கார்ந்தான். தண்ணீர் மார்பு வரை வந்தது. கதர்ச் சட்டை பூப்போல விரிந்து அவனைச் சுற்றி மிதந்தது.

உள்ளே சலசலப்பு. அசரியா முதலாளி வாசலுக்கு வந்தார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், அவர் வேறு யாரோ போல இருந்தார்.

"என்னடா இது? தண்ணிக்குள்ள போய் உக்காந்திருக்கே?"

"என் இடம் இதுதானே, முதலாளி."

முதலாளியின் பின்னாலிருந்து ஒரு குரல் அவசரமாகச் சொன்னது: "அவன உள்ள கூப்பிடாதீங்க. இன்னிக்கு ஒரு நாள் கூப்பிட்டா நாளைக்குப் பெஞ்சு கேப்பான்."

"கேப்பேன்," என்றான் எஃப்ராயீம். "நாளைக்குக் கேப்பேன். இன்னிக்கு மல்காவுக்காக வந்திருக்கேன்."

இந்த மனிதரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை அவன் பல வருடமாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தான். என்னை எண்ணுவீர்களா, எண்ணினால் எங்கே உட்கார வைப்பீர்கள், எண்ணாவிட்டால் எந்தச் சட்டப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக. மகள் பெயரைக் கேட்டதும் அவருடைய வாய் கோணியதைப் பார்த்தான். கேள்விகள் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. ஒரு குளிர் மட்டும் மிஞ்சியது, ஒரு இரக்கமும்.

அசரியா முதலாளி குனிந்து செருப்பைக் கழற்றினார். ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. நடந்து வந்து எஃப்ராயீமின் பக்கத்தில் நின்று கையை நீட்டினார்.

"எழுந்திரு. உக்காந்துக்கிட்டு அந்த ஜெபத்தச் சொல்லக் கூடாது."

எஃப்ராயீம் அந்தக் கையைப் பிடித்து எழுந்தான்.

முதலாளி திரும்பி உள்ளே பார்த்தார். "நான் இங்க நிக்கிறேன். எம் மகளுக்கு ஆமேன் சொல்றவங்க வரலாம்."

முதலில் வந்தவர் முதலாளியின் வயதான மைத்துனர், சுவரைப் பிடித்துக்கொண்டு. பிறகு இருவர். பிறகு மற்றவர்கள். கடைசியில், கூப்பிடாதே என்று சொன்னவரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முனகியபடியே இறங்கினார். வேட்டி எப்படியும் நனைந்தது.

பத்துப் பேரும் காயல் தண்ணீரில் வட்டமாக நின்றார்கள். தகப்பன் ஜெபத்தைச் சொன்னார். ஒவ்வொரு ஆமேனுக்கும் தண்ணீரில் ஒரு நடுக்கம் ஓடி, சுவர்வரை போய், மறுபடி அவர்களிடமே வந்தது. தோணியில் உட்கார்ந்திருந்த பரீதும் தலைகுனிந்திருந்தான்.

வீட்டில் கெர்ஷோம் அவனோடு பேசவில்லை. "வித்துட்டான்" என்று தெருவில் சொன்னான். தண்ணீர் வடிந்த பிறகு பெஞ்சுக்காரர்களும் வழக்கம்போல வாதாடினார்கள். எண்ணியது முன்னறையில், கூடத்தில் அல்ல, ஆகவே எதுவும் மாறவில்லை என்றார்கள். அதைக் கேட்டு எஃப்ராயீம் வாய்விட்டுச் சிரித்தான். நல்ல வக்கீல் வாதம் என்று பாராட்டினான்.

ஆனால் அசரியா முதலாளி பெஞ்சுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஓய்வுநாளும் அதற்கடுத்ததும் முன்னறைக் கல்லில் வந்து உட்கார்ந்தார். துக்க மாதம் முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்தார். மூப்பர் வெளியே உட்கார்ந்தால் உள்ளே யார் தலைமை தாங்குவது? இவர்கள் ஆட்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கெர்ஷோம் கடைசியாக வந்தான். "கெழவருக்குக் கால் மரத்துப் போகுது, பாய் ஒண்ணு போடுங்கடா," என்று அவனே அதட்டினான். வருஷம் திரும்புவதற்குள் பின்வரிசைப் பெஞ்சுகள் இவர்களுக்கென்று ஆயின.

"பின்பெஞ்சுதானே," என்றான் கெர்ஷோம்.

"ஆமா. முன்பெஞ்சு அடுத்த கேஸ்," என்றான் எஃப்ராயீம்.

வேதச்சுருளை வாசிக்க அழைப்பு வர இன்னும் பல வருடங்கள் பிடித்தன. அதுவும் ஒரு திருநாளில் அல்ல, மழை இல்லாத ஒரு சாதாரணத் திங்கட்கிழமைக் காலையில். யோசேப்பின் மகன் எஃப்ராயீம் என்று கூப்பிட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் ஒரு நிமிஷம் சும்மா இருந்தான். பிறகு எழுந்து மேடைக்குப் போனான். விளக்குகள் அவன் தலைக்கு நேரே, தொடும் தூரத்தில் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சிப்போரா கேட்டாள்.

"வாசிச்சீங்களா? எப்படி இருந்துச்சு?"

அவன் யோசித்தான்.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருந்துச்சு. கண்ணாடி போடணும் போல."

அவள் ஈரத்துணியை அவன் தோளில் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, வெகுநாளைக்குப் பிறகு, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள்.