பொட்டி தொடாமல் ஓட வேண்டும்

“உன் கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னா எனக்கென்னடா? பேஷன்ட்டை எல்லாம் உன் ரூமுக்கு அனுப்பட்டுமா, நீயே பல்லைப் புடுங்கி விடுறியா?”

கதவைச் சாத்திக்கொண்டுதான் பல் டாக்டரம்மா தம்பியிடம் கத்தினார். வெளியே தாடையைப் பிடித்தபடி காத்திருந்தவர், வலியை மறந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

“கத்தாதக்கா. ஒரு லைப்ரரி விட்டுப்போச்சு. இப்பவே போட்டுடுறேன்.”

“தொடாதே! கல்யாணத்தைப் பண்ணிக்கிட்டு அவ ஊருக்கே போறேங்கிற. அப்புறம் இது படுத்துக்கிட்டா யாரு வருவா, உன் மாமனாரா? நீ தொடாம இந்தப் புதுக் கம்ப்யூட்டர்ல ஓடட்டும். அதுக்கப்புறம் நாள் குறிக்கலாம்.”

தம்பிக்குத் தெருவில் பெயர் பொட்டி. கம்ப்யூட்டரை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. அவனுக்கு ஒரு பெண் எப்படிச் சிக்கினாள் என்பதே தெருவுக்குப் பெரிய புதிர். கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட், பில் எல்லாம் பார்க்கிற புரோகிராம் அவன் பைத்தான் மொழியில் எழுதிக் கொடுத்தது.

தப்பு அவனுடையதுதான். லைப்ரரி என்பது பிறர் எழுதி வைத்த உதவிப் புரோகிராம்; எவையெவை வேண்டும் என்று புரோகிராமோடு போகிற கோப்பில் எழுதி வைத்தால், போகிற இடத்தில் அவை தாமாக வந்து இறங்கும். தேதி பார்க்கும் லைப்ரரியை அவன் எழுதவே இல்லை. வரைபட லைப்ரரியோடு அதுவும் ஓசியில் வந்துகொண்டிருந்தது, மாப்பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு வரும் தோழன் மாதிரி. புதிய பதிப்பில் தோழனைக் கழற்றிவிட்டார்கள். பொட்டியின் கம்ப்யூட்டரில் பழையது கிடந்ததால் அவனுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ரோஷத்தோடு வந்தான். தன்னிடம் கிடந்த அத்தனை லைப்ரரியையும், இன்ன பதிப்புதான் என்று ஆணியடித்து எழுதியிருந்தான். ரிசப்ஷன் பெண் புரோகிராமை ஏற்றுகிற கட்டளையைத் தட்டினாள். புதுக் கம்ப்யூட்டரின் பைத்தானும் புதுசு. ஆணியடித்த பழசுகளில் ஒன்று அதில் ஏறவே மாட்டேன் என்றது.

அக்கா திரையை எட்டிப் பார்த்தார். “பாட்டு கேக்கிற லைப்ரரி எதுக்குடா பல் கிளினிக்குக்கு? டிரில் சத்தம் போதாதா?”

பொட்டிக்கு முகம் தொங்கிப்போனது. ஊரில் கட்டிக்கொள்ளப் போகிறவள் வேறு, “நாள் குறிச்சாச்சா?” என்று கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய், தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே எந்த லைப்ரரியும் இல்லாத வெற்றுச் சூழல் ஒன்றை உருவாக்கி அதில் புரோகிராமை ஓட்டினான். விழுந்தது. எது இல்லையென்று விழுந்ததோ அதை எழுதினான், மறுபடி ஓட்டினான். கடைசியில், தன் புரோகிராம் நேராகக் கூப்பிடுகிறவை மட்டும் கோப்பில் நின்றன, ‘இந்தப் பதிப்புக்குக் கீழே வேண்டாம்’ என்ற குறிப்போடு. புது பைத்தானில் ஓட்டிப் பார்த்துத் தேறிய பதிப்புகளைக் கிளினிக்குக்கென்று தனிக் கோப்பில் பூட்டினான்.

இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். மூக்கு அரித்தது; சொறியக்கூடப் பயம். ரிசப்ஷன் பெண் தட்டினாள். அப்பாயின்ட்மென்ட் பக்கம் பளிச்சென்று திறந்தது.

அக்கா மவுஸை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தார். “அப்ப இனிமே உன்னைக் கூப்பிட வேலையே இல்லையா?”

“நீதானேக்கா அப்படிக் கேட்ட?”

“கேட்டேன்தான். சரி, கல்யாணத்துக்கு நாள் குறி.”

பொட்டி கல்யாணம் முடித்து அவள் ஊருக்கே போய்விட்டான். அன்று வெளியே காத்திருந்த தாடைக்காரர் வலியில்லாத பற்களுக்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, ரிசப்ஷன் பெண்ணையே கட்டிக்கொண்டார். புரோகிராம் சமர்த்தாக ஓடுகிறது. அக்கா மட்டும், “பிரின்டர் வேலை செய்யலடா” என்று அடிக்கடி அவனுக்குப் போன் போடுகிறார். அந்தப் பிரின்டர் ஓடுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கிறது.