நாற்பது பேர் சாப்பாடு

உப்பு பார்க்க ஆளில்லை. தம் உடைத்து, அண்டாவின் ஓரத்திலிருந்து ஒரு கரண்டி பிரியாணியைத் தட்டில் எடுத்துவைத்த சமையல் மாஸ்டர் கமாலுதீன், "நீங்களே பாத்துருங்கம்மா, நா நோம்பு" என்றார். அடைக்கலமேரி ஒரு துண்டுக் கறியை வாய்க்குக் கொண்டுபோகும்போது அடுத்த வீட்டு ஜானட் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னாக்கா பண்ற? தவக்காலம், வெள்ளிக்கிழம. கறி துன்னலாமா?"

கறி தட்டில் விழுந்தது.

கணவர் தாமஸ் இறந்தது மார்ச் ஆறாம் தேதி. ஒரு வருஷமாக அவள் மனதில் அந்தத் தேதிதான் இருந்தது, கிழமை இல்லை. அவரை அடக்கம் செய்தபின் பூசைக்குப் போவதையே விட்டிருந்தாள். சாம்பல் புதன் வந்துபோனதும் தெரியாது. சந்தில் எல்லோரிடமும் "வெள்ளிக்கிழம மத்தியானம் நம்ம வூட்ல சாப்பாடு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவர்கள் சாம்பார், வடை என்று நினைத்துக்கொண்டார்கள். அவளோ அவருக்குப் பிடித்ததை மட்டும் நினைத்தாள்.

மாதா கோயில் வீடுகளில் யாரும் கறி தொடமாட்டார்கள். பாய் வீடுகளில் நோன்பு. மிச்ச வீடுகளிலும் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது.

"சாய்ங்காலம் நோம்பு தொறக்கசொல்லோ குடுத்துட்லாமா?" என்றாள் ஜானட்.

கமாலுதீன் வெயிலைப் பார்த்தார். "ஆறரை வரிக்கும் தாங்காதும்மா. ஊசிடும்."

அடைக்கலமேரி அண்டாவை மறுபடி மூடினாள். தாமஸ் போன நாளிலிருந்து அந்தச் சந்து அவளைப் பட்டினி போட்டதில்லை. ஒரு வீட்டுக் கஞ்சி, ஒரு வீட்டு மீன் குழம்பு. சிலிண்டரை யாரோ தூக்கிவந்து மாட்டினார்கள். வாங்கி வாங்கிக் கை கூசிப்போயிருந்தது. கதவு தட்டினால், மூடிய கிண்ணத்தோடு யார் நிற்கிறார்களோ என்று பயமாகக்கூட இருந்தது. ஒரே ஒரு நாள் தன் கையால் நாற்பது பேருக்குப் போட்டுவிட்டால் மறுபடி மனுஷியாகத் தலை நிமிர்ந்து நடக்கலாம். இதுவும் குப்பைக்குப் போய்விட்டால்?

"பீச் ரோட்ல லாரிங்க நிக்குதே, காலைலருந்து நவுரவே இல்ல" என்றார் கமாலுதீன். "ஏத்துங்கம்மா நம்ம குட்டியானை வண்டில."

துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. முதல் டிரைவர் கண்ணாடியை இறக்கவேயில்லை. இரண்டாமவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். மூன்றாவது லாரி நாமக்கல் வண்டி; அதன் டிரைவர் பையன் தலையை நீட்டினான்.

"எந்தக் கட்சிங்கக்கா?"

"கட்சியும் இல்ல, ஒண்ணியும் இல்ல. எங்க வூட்டுக்காரரு போயி இன்னியோட ஒரு வருசம்."

அவன் அண்டாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "மயக்க மருந்து கிருந்து போட்டு வண்டியத் தூக்கிர மாட்டீங்கல்ல?"

"இத்தாம் பெரிய வண்டிய தூக்கினு போயி எங்க வெப்பேன்? எங்க சந்துல சைக்கிளே திரும்பாது."

ஜானட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தானா அதைச் சொன்னோம் என்று அடைக்கலமேரிக்கே வியப்பாக இருந்தது.

அவன் முதல் வாயை மென்று விழுங்கும்வரை அவள் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மிங்க."

கமாலுதீன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு கரண்டி வைங்க" என்று தட்டை நீட்டிய நாமக்கல்காரன், பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தான். "அண்ணே, எறங்கி வாங்க!"

வந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டியவர்கள், பல் தேய்த்துக்கொண்டே வந்தவர், தமிழ் தெரியாமல் விரலால் இரண்டு துண்டு என்று காட்டியவர். பதினேழு வரை எண்ணினாள். பிறகு எண்ண மறந்துபோனது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

அப்போது முன்னால் விசில் கேட்டது. வரிசை முழுக்க இன்ஜின்கள் உறுமின. தட்டும் கையுமாக எல்லோரும் கேபினுக்கு ஓடினார்கள். அண்டாவில் பாதி அப்படியே கிடந்தது.

"போச்சுடா, ஆர்பர் கேட்ட தொறந்துட்டான்" என்றாள் ஜானட்.

அடைக்கலமேரி ஒரு தட்டை நிரப்பினாள், இன்னொரு தட்டை அதன்மேல் கவிழ்த்தாள், புழுதிக்குள் இறங்கி ஓடினாள். ஓடி எத்தனை வருஷமாயிற்று!

"அக்கா, வுழுந்துடப் போற!"

நகர்ந்துகொண்டிருந்த லாரியொன்றின் கேபினிலிருந்து, முகம் தெரியாத யாரோ ஒருவரின் கை, விரல்கள் விரிய, அவளை நோக்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.